மணிமங்கலத்தில் எத்தனை எழுத்து?

விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். ம, ணி, ம, ங், க, ல, ம். இல்லை, கடைசியில் இருப்பது புள்ளி வைத்த ம். ஆக ஏழு எழுத்துகள். ஐந்தாம் வகுப்பு மாணவனும் தயங்காமல் சொல்லிவிடுவான்.

ஆனால் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறி பத்து என்று சொல்லிற்று.

இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதிய சிறிய நிரல் அது. கல்லூரிப் பேருந்தில் வரும் மாணவர்களின் பட்டியலைத் தயாரிப்பது அதன் வேலை. திரையில் ஒரு சாளரம் திறக்கும். அதில் பெயர், தந்தை பெயர், ஊர் என்று மூன்று பெட்டிகள். கீழே 'சரி' என்ற பொத்தான். மாணவர்கள் வந்து தத்தம் விவரங்களைத் தட்டெழுத வேண்டும். மணிமங்கலம், படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் எங்களுக்கு மாணவர்கள் வருகிறார்கள். பலருடைய தந்தையர் அங்குள்ள தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். காலையில் அப்பாவை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ் ஒரு பக்கமும், பிள்ளையை ஏற்றிச் செல்லும் கல்லூரி பஸ் மறுபக்கமும் போகும் ஊர்கள் இவை.

நிரல் நன்றாகவே ஓடியது. ஆனால் மூன்று தவறுகள் செய்தது. மணிமங்கலத்துக்குப் பத்து எழுத்து என்றது முதல் தவறு. தந்தை பெயரின் முதல் எழுத்தைத் தானே எடுத்துத் தலைப்பெழுத்தாகப் போட வேண்டிய நிரல், 'கிருஷ்ணன்' என்பவரின் மகளுக்குக் 'கி.' என்று போடாமல் 'க.' என்று போட்டது இரண்டாவது. மூன்றாவதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. கோமதி என்ற மாணவியின் பெயர் பழைய கட்டணப் பட்டியலிலும் இருந்தது, அவர் பெட்டியில் தட்டெழுதியதும் அதே பெயர்தான். ஆனால் 'இப்பெயர் பட்டியலில் இல்லை' என்று நிரல் அடித்துச் சொல்லிவிட்டது. இரண்டையும் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருந்தன. அந்த வாரம் அந்தப் பெண் பேருந்தில் இடம் இல்லாமல் நின்றுகொண்டே வந்தார்.

நிரல் எழுதிய மாணவர் தம்மை நொந்துகொண்டார். தவறு அவருடையது மட்டும் அன்று. விசையை அழுத்தும் விரலுக்கும், பெட்டியில் இருப்பதைப் படிக்கும் நிரலுக்கும் இடையே சுமார் நூறாண்டு வரலாறு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் விசைப்பலகையின் உள்ளே எட்டிப் பார்ப்போம். நூறு விசைகள் இருக்கின்றன என்றால் நூறு கம்பிகள் ஓடும் என்று நினைக்காதீர்கள். எட்டுக் கம்பிகள் குறுக்காகவும் பதின்மூன்று கம்பிகள் நெடுக்காகவும் போடப்பட்டால் அவை சந்திக்கும் இடங்கள் 104. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. விசையை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு நெடுக்குக் கம்பியும் தொட்டுக்கொள்ளும். பலகைக்குள் இருக்கும் சிறு சில்லு, குறுக்குக் கம்பிகளுக்கு ஒவ்வொன்றாக மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுக்குக் கம்பியில் அது தெரிகிறது என்று நொடிக்குப் பலமுறை சோதித்துக்கொண்டே இருக்கும். உலோகம் உலோகத்தின் மேல் விழும்போது சில மில்லி நொடிகள் துள்ளும். அந்தத் துள்ளலைத் தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிடாமல் சற்றுப் பொறுத்துப் பார்க்கவும் அதற்குத் தெரியும். இயற்பியல் மாணவர்களுக்கு நான் இதைப் பழைய விசைப்பலகை ஒன்றைப் பிரித்தே காட்டுவது வழக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசைப்பலகை எழுத்து எதையும் அனுப்புவதில்லை. எண்ணை மட்டுமே அனுப்புகிறது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் 83 விசைகள் இருந்தன. ஆங்கிலக் 'கே' பொறித்த விசையை அழுத்தினால் 37 என்ற எண் போகும்; விரலை எடுத்தால் அதோடு 128 கூட்டி 165 போகும். இன்றைய யூ.எஸ்.பி. பலகையில் அதே விசைக்கு எண் 14. விசையின் மேல் பொறித்திருப்பது மனிதனுக்காக ஒட்டிய லேபிள், அவ்வளவுதான். 37 என்ற எண் 'கே' என்ற எழுத்தா, 'ம' என்ற எழுத்தா என்பதைக் கணிப்பொறியில் உள்ள ஒரு மென்பொருள்தான் முடிவு செய்கிறது. தமிழ் உள்ளே நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

ஆனால் தட்டச்சுப் பொறியில் அப்படிப்பட்ட வாசல் இல்லை. அங்கே விசையும் எழுத்தும் ஒரே இரும்பில் இருந்தன. ஒரு விசைக்கு இரண்டு எழுத்து வீதம் ஏறக்குறைய 90 இடங்கள்தாம் கிடைக்கும். தமிழிலோ 247 எழுத்துகள்! யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து, 1907-இல் மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய வடிவமைப்பில் ஜெர்மனியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிகள் செய்யப்பட்டன. அவர் கையாண்ட உத்தி எளியது. எல்லா எழுத்தையும் முழுசாக வைக்காமல் கொம்பு, கால், விசிறி, புள்ளி என்று துண்டுகளாக வைத்தால் என்ன? புள்ளிக்கு 'நகரா விசை'. அதை அடித்தால் புள்ளி தாளில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்துக் 'க' அடித்தால் அது புள்ளிக்கு நேர் கீழே வந்து விழும். 'க்' தயார்.

எவ்வளவு நயமான வேலை! ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தட்டச்சாளர் எழுத்தை ஒலிக்கும் முறையில் அடிக்காமல், கண்ணுக்குத் தெரியும் முறையில் அடிக்கப் பழக வேண்டியதாயிற்று. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். மூன்று அடி. க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் சேர்ந்தது அது என்று இலக்கணம் சொன்னால் சொல்லட்டும். பொறிக்கு அது மூன்று வடிவத் துண்டுகள். தமிழ்நாட்டில் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் ஹையர், லோயர் என்று தேர்வு எழுதிய பல தலைமுறையினரின் விரல்களில் இந்த வரிசை ஊறிப் போயிற்று. 1978-இல் தமிழ்நாடு அரசு, பெரியார் 1935 முதல் வலியுறுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் அது பெரிய உதவி. எனினும் துண்டுகளாக அடிக்கும் பழக்கம் மாறவில்லை.

இனி நிரலின் பக்கம் வருவோம். ஆரம்பகாலக் கணிப்பொறிகளில், பயனரிடமிருந்து ஒரு பெயரைப் பெற வேண்டுமானால் நிரல் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். பேசிக் மொழியின் 'இன்புட்' கட்டளை அத்தகையது. நீங்கள் தட்டெழுதி முடித்து 'என்ட்டர்' அழுத்தும் வரை வேறு வேலை நடக்காது. ரேஷன் கடைக் கௌண்டரில் முன்னால் நிற்பவர் பையைத் தேடி எடுக்கும் வரை வரிசையே நிற்பது போல.

1973-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகம் 'ஆல்ட்டோ' என்ற கணிப்பொறியைச் செய்தது. படங்கள் காட்டும் திரை, சுட்டெலி எல்லாம் அதில் இருந்தன. அதில் ஓடிய 'பிராவோ' என்ற எழுத்துத் தொகுப்பியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. அதில் விசைகளுக்கு இரண்டு வேடம். ஒரு நிலையில் எழுத்து, மற்றொரு நிலையில் கட்டளை. எந்த நிலையில் இருக்கிறோம் என்று மறந்துபோன ஒருவர் ஆங்கிலத்தில் 'எடிட்' என்ற நாலெழுத்துச் சொல்லை அடித்தால் என்ன ஆகும்? முதல் எழுத்து 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு', இரண்டாவது 'அழி', மூன்றாவது 'செருகு'. அவ்வளவு பெரிய கட்டுரை முழுவதும் போய், நாலாவது எழுத்தான 'டி' மட்டும் திரையில் மிஞ்சி நிற்கும்! லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 1975-இல் எழுதிய 'ஜிப்சி' என்ற தொகுப்பி இந்த இரட்டை வேடத்தை ஒழித்தது. எழுத்து விசையை அழுத்தினால் எழுத்து வரும், எப்போதும் வரும். இன்று நாம் விண்ணப்பங்களில் நிரப்பும் ஒவ்வொரு எழுத்துப் பெட்டியும் அந்தக் கொள்கையின் வாரிசுதான். 1984-இல் மெக்கின்டோஷ், 1985-இல் விண்டோஸ் என்று அது உலகெங்கும் பரவியது.

இத்தகைய சாளர நிரல் கேள்வி கேட்டுவிட்டு நிற்பதில்லை. அலுவலக வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பியூனைப் போல அது மணியோசைக்குக் காத்திருக்கிறது. எலி நகர்ந்தால் ஒரு மணி, விசை அழுத்தினால் ஒரு மணி. விண்டோஸில் ஒரு விசைக்கு இரண்டு செய்திகள் வருவது உண்டு. முதலாவது, 'இன்ன விசை அழுத்தப்பட்டது'. இரண்டாவது, 'இன்ன எழுத்து வந்தது'. இரண்டுக்கும் நடுவில்தான் மேலே சொன்ன மென்பொருள், அதாவது விசைப்பலகை அமைப்பு, உட்கார்ந்திருக்கிறது. எழுத்துகள் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். 'சரி' என்ற பொத்தானை நீங்கள் அழுத்தும்போதுதான் எங்கள் மாணவரின் நிரல் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு சரமாக எடுத்துப் படிக்கும். அவர் பயன்படுத்தியது பைத்தானில் கிடைக்கும் 'டிகே' கருவிப் பெட்டி. அது, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஊஸ்டர்ஹவுட் 1980-களின் இறுதியில் எழுதத் தொடங்கியது.

தமிழர்கள் இந்தப் பெட்டிக்குள் தமிழைப் போட எத்தனை பாடுபட்டார்கள் என்பது தனிக் கதை. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி'யை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். தாய்நாட்டை விட்டுத் தொலைவில் இருந்தவர்கள்தாம் இதில் முந்திக்கொண்டார்கள் என்பதில் வியப்பில்லை. கடிதம் எழுதத் துடித்தவர்கள் அவர்கள்தாமே. ஆனால் அக்காலத்து முறைகளில் பெரும்பாலானவை ஒருவகைக் கண்கட்டு வித்தை. ஒரு எழுத்துருவில் 'க' என்று படம் போட்ட இடம், கணிப்பொறியைப் பொறுத்தவரை ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்தின் எண். வேறு எழுத்துருவில் திறந்தால் எல்லாம் கிறுக்கல். ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு எண் வரிசை என்று 1990-கள் கழிந்தன. அப்போது மாணவனாக இருந்திருந்தால் இந்தக் குழப்பம் எனக்கும் வேடிக்கையாக இருந்திருக்கும். அன்று சேமித்த கோப்புகளை இன்று மாற்ற உட்காரும்போது அப்படித் தோன்றுவதில்லை.

1997-இல் சிங்கப்பூரில், எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியில் ஒரு மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அங்கே பிறந்ததுதான் 'தமிழ்99' விசைப்பலகை. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டது. மே மாதத்தில் கோவிந்தசாமி காலமாகிவிட்டார்.

தமிழ்99-இன் அழகைச் சற்று நிதானமாகவே சொல்ல ஆசை. அதற்கு 31 விசைகள் போதும். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி. தொல்காப்பியர் சொன்ன முப்பது முதலெழுத்தும் அதில் அப்படியே இருக்கின்றன! உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. 'கொ' வேண்டுமா? க அடித்து ஒ அடியுங்கள். கொம்பையும் காலையும் எங்கே போடுவது என்பது பொறியின் கவலை. அதைவிடச் சுவையானது புள்ளி வைக்கும் முறை. தமிழில் 'ங'வுக்குப் பின் 'க' வந்தால் அது பெரும்பாலும் 'ங்க' தான். 'ஞச' என்றால் 'ஞ்ச', 'மப' என்றால் 'ம்ப'. அதே மெய் இருமுறை வந்தால் முதலில் உள்ளதற்குப் புள்ளி. இதைப் பொறி தானே செய்துகொள்ளும். 'மமதை' போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால் நடுவில் ஒரு 'அ' தட்டினால் போதும். முத்தையா காலத்தில் மனிதன் சுமந்த சுமையைப் பொறியின் தலையில் ஏற்றி வைத்த பலகை இது. தட்டச்சில் பழகிய மூத்தவர்களும், ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிய இளையவர்களும் இதைப் போதிய அளவு கைக்கொள்ளாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

மணிமங்கலம் என்று தமிழ்99-இல் அடித்துப் பாருங்கள். ம, ண, இ, ம, ங, க, ல, ம, புள்ளி. ஒன்பது விசைகள். ஏழு எழுத்துக்கு ஒன்பது அழுத்தம். ஆனால் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தவையோ பத்து. அந்தப் பத்தாவது எங்கிருந்து வந்தது? 'க' என்ற ஒரே விசையை அழுத்தியபோது, அதற்கு முன்னால் பொறி தானாகவே ஒரு புள்ளியையும் சேர்த்துவிட்டது. ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று நம்பி எழுதப்பட்ட நிரல் இங்கேயே தடுமாறும்.

இந்தப் பத்து எவை என்று தெரிய வேண்டுமானால் ஒருங்குறியைப் பற்றித் தெரிய வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எண் வரிசை என்ற நோக்கில் 1991-இல் வந்தது ஒருங்குறியின் முதல் பதிப்பு. இந்திய மொழிகளுக்கு, இந்திய அரசு 1988-இல் வகுத்த 'இஸ்கி' முறையை அது அடிப்படையாகக் கொண்டது. தமிழுக்கு 128 இடங்கள். அதில் 247 எழுத்தும் இல்லை. அகரம் ஏறிய க, ச, ட முதலியவை உண்டு, உயிர்கள் உண்டு, உயிர்க்குறிகள் தனியே உண்டு, புள்ளி தனியே உண்டு. 'ம' என்பது 2990. புள்ளி 3021. ஆகவே 'ம்' என்பது இரண்டு எண்கள். தொல்காப்பியத்துக்கு மெய்தான் முதல், அதோடு அகரம் சேர்ந்து 'ம' ஆகிறது. ஒருங்குறிக்கோ 'ம' முதல், அதிலிருந்து அகரத்தைக் கழிக்கும் குறி புள்ளி. கூட்டலைக் கழித்தலாக எழுதியது போல! இதை ஏற்காதவர்கள் பலர் இருந்தார்கள். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற முறையையும் உருவாக்கினார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும், அதற்கு இடமில்லாத இடங்களில் டேஸ் 16-ஐ மாற்றாகவும் அறிவித்தது. உலகம் ஒருங்குறியோடு போய்விட்டது, நாமும் போனோம். சேமிக்கும்போது மணிமங்கலத்தின் பத்து எண்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் முப்பது பைட்டுகள் ஆகின்றன.

இப்போது எங்கள் நிரலின் தவறுகளைத் திரும்பிப் பாருங்கள். 'கிருஷ்ணன்' என்ற சரத்தில் முதல் உறுப்பைக் கொடு என்று கேட்டால் கணிப்பொறி 'க' என்ற எண்ணைத்தான் கொடுக்கும். இகரக் குறி அடுத்த உறுப்பு. ஆங்கிலப் புத்தகத்தில் படித்த முறையை அப்படியே எழுதினால் கி, கு, கோ எல்லாமே 'க.' ஆகிவிடும். இது சின்ன விஷயம் அன்று. பெயரோடு தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. வருகைப் பதிவேடு முதல் சான்றிதழ் வரை அது போகிறது. சான்றிதழில் 'கி.' என்பது 'க.' ஆனால் அதைத் திருத்த எத்தனை அலுவலகப் படிகள் ஏற வேண்டும் என்று அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள்.

கோமதியின் பெயருக்கு வருவோம். 'ோ' என்ற உயிர்க்குறிக்கு ஒருங்குறியில் 3019 என்ற ஒரே எண் உண்டு. ஆனால் இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்து எழுதினாலும் திரையில் அதே உருவம்தான் வரும். மாணவி தமிழ்99-இல் அடித்தார், ஐந்து எண்கள். கட்டணப் பட்டியல், பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு முறையில் அடித்து, பிறகு ஒருங்குறிக்கு மாற்றப்பட்டது. அதில் ஆறு எண்கள். கொம்பும் காலும் தனித்தனியே. முத்தையாவின் பொறியில் பிரிந்த துண்டுகள் இத்தனை ஆண்டுக்குப் பிறகு ஒரு பேருந்துப் பட்டியலில் வந்து நின்றன! இவ்விரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதியே சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'இயல்பாக்கம்' என்ற செயல் பைத்தானில் உள்ளது. ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சேர்த்ததும் கோமதி கிடைத்துவிட்டார்.

எழுத்தை எண்ணும் வேலைக்கு, 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடைய நண்பர்களும் தந்திருக்கும் 'ஓப்பன்-தமிழ்' நிரல் தொகுப்பு உதவிற்று. சரத்தைக் கொடுத்தால் ம, ணி, ம, ங் என்று நம் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். மணிமங்கலத்துக்கு ஏழு என்று வந்தபோது ஆய்வுக்கூடத்தில் கைதட்டினார்கள்.

மணிமங்கலம் எழுத்தோடு சம்பந்தப்படுவது புதிதன்று. முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் மணிமங்கலமும் ஒன்று என்பதைக் கூரம் செப்பேடு கூறுகிறது. தோற்றோடிய புலிகேசியின் முதுகைப் பட்டயமாக்கி அதில் 'விஜய' என்ற எழுத்துகளைப் பல்லவன் பொறித்தான் என்று அந்தப் புலவர் வருணிக்கிறார். வி, ஜ, ய என்று மூன்றே எழுத்து. எங்கள் நிரலின் பழைய கணக்குப்படி நான்கு.

பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்த நாள் பார்த்தால் ஸ்ரீபெரும்புதூர் இரண்டு முறை வந்திருந்தது. ஒன்றில் பதினான்கு பேர், மற்றொன்றில் மூன்று பேர். இயல்பாக்கமும் செய்தாயிற்று; பிறகென்ன? 'ஸ்ரீ' என்பதை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம். 2005-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட மற்றொரு 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே படம். ஆனால் இவை சமம் என்று விதி எதுவும் இல்லை. ஆகவே மாணவர் கையாலேயே ஒரு வரி எழுதி இரண்டையும் ஒன்றாக்கினார்.

அதன் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, லக்ஷ்மி என்ற பெயருக்கு எத்தனை எழுத்து?" துறையில் அப்போது ஆசிரியர்கள் நால்வர் இருந்தோம். க்ஷ் என்பது ஒரே எழுத்து, ஆகவே மூன்று என்றோம் இருவர். மற்ற இருவர் நான்கு என்றார்கள்.